அஞ்சுக்கு மூணு

"ஏண்ணே... யானையைக் கொடுத்தது அம்புட்டுப் பெரிய தப்பாண்ணே?"

போடிநாயக்கனூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற ஒரு அம்மா. பக்கத்தில் பதினோரு வயது மகள், பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அடுத்த தடவை ஜெயிச்சிருவா" என்று மழுப்பிவிட்டு நழுவினேன். ஊர் திரும்பி இரண்டு வாரமாகியும் கேள்வி என்னை விடவில்லை. எனவே இந்த வாரம் அந்த அம்மாவுக்குப் பதில்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் கல்லூரி நண்பன் ஒருவன் போடியில் ஏலக்காய் வியாபாரி. இருவரும் பி.காம். ஒரே பெஞ்சு. அவன் கணக்கை வைத்துப் பிழைக்கிறான், நான் எழுத்தை வைத்து. அவனைப் பார்க்கப் போன இடத்தில், "பையன் செஸ் ஆடறான், வாடா" என்று இழுத்துப் போனான். பள்ளிக் குழந்தைகளுக்கான போட்டி. சாப்பாட்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு, வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் பலகைகள். நூறு குழந்தைகள் இருந்தும் ஊசி விழுந்தால் கேட்கிற நிசப்தம். நம் சட்டசபைகளில் கிடைக்காத நிசப்தம்.

கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று. அந்தப் பெண் தன் யானையைக் கொண்டுபோய் எதிராளியின் பிஷப்பை வெட்டினாள். எதிர்ப்பையன் சிரித்துக்கொண்டே யானையை எடுத்தான். செஸ் தெரியாதவர்களுக்கு: ஆட்டம் கற்றுக்கொடுக்கும்போது முதல் நாளே காய்களுக்கு ஒரு விலைப்பட்டியல் சொல்லித் தருவார்கள். சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. அப்படியானால் இவள் அஞ்சைக் கொடுத்து மூணை வாங்கியிருக்கிறாள். நஷ்டம் இரண்டு.

ஆனால் அதற்குப் பிறகு சுமார் பத்து நகர்த்தல் வரை அந்தப் பையன் சிரிக்கவில்லை. அவன் ராஜா நடுப்பலகையில் மாட்டிக்கொண்டு, கோட்டைக்குள் போக முடியாமல் தவித்தது. அவன் ஜெயித்து வைத்த யானை மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் கடைசியில் அவள் தோற்றாள்.

வெளியே வந்ததும் பயிற்சியாளர் ஆரம்பித்தார். அத்தனை பேர் முன்னாலும். "அஞ்சுக்கு மூணு! இந்தக் கணக்குகூடத் தெரியாதா? கையில இருந்த யானையைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்து நிக்கிறியே?"

"அவன் ராஜா நடுவுல நிக்குது சார். அந்த பிஷப் போயிட்டா, கறுப்புக் கட்டத்தைக் காவல் காக்க ஆளில்ல..."

"வாயை மூடு. பெரிய ஆனந்த்னு நெனப்பு."

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் ஆனந்த் இதைத்தான் செய்தார்.

2013 ஜனவரி. ஹாலந்தில் வெய்க் ஆன் ஸீ என்கிற கடலோர ஊர். எதிரே லெவோன் ஆரோனியன், அப்போது உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். ஒரு கட்டத்தில் ஆரோனியனின் குதிரை வந்து ஆனந்தின் யானையை வெட்டுகிறது. திருப்பி அந்தக் குதிரையை வெட்டலாம். தெருவில் ஆடுகிற நானே வெட்டியிருப்பேன். ஆனந்த் அதைக் கண்டுகொள்ளாமல், ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் தள்ளினார். அவ்வளவுதான். எடுத்த யானையை வைத்துக்கொண்டு எதிராளியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 23-வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. 1907-ல் ரூபின்ஸ்டைன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தின் சாயல் அதில் இருந்ததாக உலகமே கொண்டாடியது.

'அவர் ஆனந்த், செய்வார். இவள் போடிப் பொண்ணு, செய்யலாமா?' என்பதுதான் கேள்வி என்றால், அதற்குப் பெயர் செஸ் அறிவு இல்லை. வேறு பெயர் இருக்கிறது.

*

விஷயத்துக்கு வருவோம். யாரும் எதையும் சும்மா கொடுக்க மாட்டார்கள். பலகையில் காயைக் கொடுத்தால் பதிலுக்கு ஏதோ வாங்குகிறோம். என்ன வாங்குகிறோம் என்பதை வைத்து இதை இரண்டாகப் பிரித்தார் ருடால்ஃப் ஸ்பீல்மன் என்கிற ஆஸ்திரிய ஆட்டக்காரர். 1935-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். முதல் வகை, பொய்த் தியாகம். ராணியைக் கொடுக்கிறீர்கள், மூன்றே நகர்த்தலில் எதிராளிக்குச் செக்மேட். இது தியாகமே இல்லை. ரசீதோடு கொடுக்கிற கைமாற்று. வட்டியோடு திரும்பி வரும் தேதி உங்களுக்குத் தெரியும்.

இரண்டாம் வகை, மெய்த் தியாகம். கொடுக்கிறீர்கள், பதிலுக்குக் கிடைப்பது காய் இல்லை, நிலைமை. எதிராளியின் ராஜா வெயிலில் நிற்கிறது. அவன் குதிரைக்குப் போக இடமில்லை. உங்கள் காய்கள் நல்ல கட்டங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஆட்டத்தின் கயிறு உங்கள் கையில். ஆனால் எப்போது, எப்படி லாபமாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. அந்தப் பெண் செய்தது இந்த இரண்டாவது வகை.

நம்முடைய வாத்தியார்கள் முதல் வகைக்குக் கைதட்டுவார்கள், ஏனென்றால் அதில் கடைசியில் கப் தெரிகிறது. இரண்டாவது வகைக்குக் குட்டு.

பி.காம். படித்தவன் என்பதால் ஒரு சொந்தச் சரக்கு. பேலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. நற்பெயர், கண்ணுக்குத் தெரியாத சொத்து. கணக்கியல் விதி என்ன சொல்கிறது? நீங்களே இருபது வருஷம் உழைத்துச் சம்பாதித்த நற்பெயரைப் புத்தகத்தில் சொத்தாக எழுதக்கூடாது. ஆனால் இன்னொரு கம்பெனியை, அதன் சொத்து மதிப்புக்கு மேலே பணம் கொடுத்து வாங்கினால், அந்த அதிகப்படிப் பணத்தைக் குட்வில் என்று தாராளமாக எழுதலாம். ஏனென்றால் அதற்கு விலை கொடுத்திருக்கிறீர்கள்.

அந்தப் பெண்ணும் விலை கொடுத்துத்தான் வாங்கினாள். இரண்டு புள்ளி விலைக்கு, நடுத்தெருவில் நிற்கும் ஒரு ராஜாவை வாங்கினாள். பயிற்சியாளர் பற்றுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, வரவுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். இப்படிக் கணக்கு எழுதினால் எந்தக் கல்லூரியிலும் பெயில்தான்.

அதிலும் இந்த விலைப்பட்டியல் பைத்தியம் போடியில் இருப்பதுதான் வேடிக்கை. ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் அது. மலையில் விளைகிறதும் காய், பலகையில் நகர்கிறதும் காய். 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன அதே ஏலக்காய், 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. காய் அதே காய். பச்சை நிறம் மாறவில்லை, வாசனை மாறவில்லை. நேரமும் நிலைமையும் மாறின, விலை மாறியது. 'ஏலக்காய்னா இவ்வளவுதான்' என்று ஒரு விலையைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு யாராவது போடியில் வியாபாரம் செய்ய முடியுமா? மூலையில் அடைந்து கிடக்கிற யானைக்கும், திறந்த பாதையில் நிற்கிற யானைக்கும் ஒரே விலை 5 என்று மட்டும் எப்படி நம்புகிறோம்?

பட்டியல் தப்பு என்று சொல்லவில்லை. அது முதல் வகுப்புப் பாடம். ஆறாம் வகுப்பிலும் அதையே ஒப்பிக்கச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

*

'மனுஷன் உணர்ச்சிவசப்பட்டுத் தியாகம் செய்வான், கணக்குப் போட்டால் தப்பு என்று தெரியும்' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உணர்ச்சியே இல்லாத ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன்.

2017 டிசம்பரில் கூகுளைச் சேர்ந்த டீப் மைண்ட் நிறுவனம் ஆல்ஃபா ஸீரோ என்கிற கம்ப்யூட்டர் நிரலை வெளியே காட்டியது. அதற்கு ஆட்ட விதிகளை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். யானை 5, குதிரை 3 என்கிற பட்டியலைச் சொல்லவே இல்லை. தனக்குத்தானே கோடிக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்டது. பிறகு அன்றைய மிகப் பலமான ஸ்டாக்ஃபிஷ் நிரலோடு 100 ஆட்டம். 28 வெற்றி, 72 டிரா, தோல்வி பூஜ்யம். போட்டி நடந்த நிபந்தனைகள் பற்றிச் சர்ச்சை எழுந்தது உண்மை. ஆனால் அது ஆடிய விதத்தைப் பார்த்துத்தான் கிராண்ட் மாஸ்டர்கள் வாயைப் பிளந்தார்கள். சிப்பாய்களையும் காய்களையும் கொடுத்துவிட்டு, அவசரமே படாமல், எதிராளியின் காய்களை மூச்சுவிட முடியாமல் நெரித்தது. விலைப்பட்டியல் சொல்லித்தராத மாணவன், தானாகப் போய்ச் சேர்ந்த இடம் அது.

தியாகம் செய்தால் ஜெயித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1953, ஸ்விட்சர்லாந்தில் ஸூரிக். டிக்ரான் பெட்ரோசியனுக்கு 24 வயது. எதிரே அமெரிக்காவின் ரெஷெவ்ஸ்கி. வெள்ளைச் சிப்பாய்கள் நடுவில் அணிவகுத்து, புல்டோசர் மாதிரி உருண்டு வரத் தயாராக நின்றன. பெட்ரோசியன் தன் யானையைக் கொண்டுபோய், எதிராளி பிஷப்பால் வெட்டக்கூடிய கட்டத்தில், அந்தச் சிப்பாய்களுக்கு முன்னாலேயே நிறுத்தினார். வெட்டிக்கொள் என்று. தாக்குதல் எதுவும் கிடையாது. தன் குதிரைக்கு நடுப்பலகையில் ஒரு நல்ல கட்டம் வேண்டும், புல்டோசர் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நின்றது. ரெஷெவ்ஸ்கி வாங்கிய லாபத்தை மூன்று நகர்த்தல் கழித்துத் தானே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆட்டம் என்ன ஆனது தெரியுமா? டிரா. அரைப் புள்ளி. எழுபது வருஷத்துக்குப் பிறகும் உலகம் முழுக்கப் பாடமாக நடத்துகிறார்கள். அதுவும் அஞ்சுக்கு மூணுதான்!

நம்ம ஊருக்கே வருவோம். 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் மானுவேல் ஆரோன் ஆரம்பித்த செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடி வளர்ந்தார். இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரை வளர்த்த அந்தக் கிளப்பின் பெயர் என்ன? டால் செஸ் கிளப். மிகைல் டால், 1960-ல் 23 வயதில் போட்வின்னிக்கைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனவர். காய்களைக் கொடுத்தே பெயர் வாங்கியவர். அந்தப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் அவர் குதிரையைக் கொடுத்தபோது அரங்கத்தில் எழுந்த சத்தத்தில், ஆட்டத்தையே உள்ளறைக்கு மாற்ற வேண்டி வந்தது. பிற்பாடு ஆற அமர உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள், அதற்குச் சரியான பதிலடி இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். இருந்திருக்கலாம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, போட்வின்னிக்குக் கிடைக்கவில்லை. மறு வருஷமே அதே போட்வின்னிக் பட்டத்தைத் திருப்பிப் பிடுங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தியாகம் மந்திரக்கோல் இல்லை. ஆனால் தமிழ்நாட்டு செஸ்ஸின் வாசலிலேயே மாட்டியிருக்கிற பெயர் அது. அந்த வாசல் வழியாக வந்துவிட்டு, குழந்தையைப் பார்த்து 'கணக்குத் தெரியாதா' என்று கேட்கிறோம்.

*

இனி, எதிர்க்கட்சிக்கும் ஒரு வாய்ப்பு. என் நண்பன் திரும்பி வரும் வழியில் சொன்னான்.

"உனக்கென்னடா, எழுதிட்டுப் போயிருவ. அந்தப் பொண்ணோட அம்மா விடியறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி, போடி மெட்டு வளைவெல்லாம் சுத்தி, பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போறவங்க. இன்னிக்கு ஒரு நாள் கூலி போச்சு. கப் வாங்கினாத்தான் ஸ்கூல்ல ஃபீஸ் குறைப்பான், யாராவது ஸ்பான்சர் பண்ணுவான். உன் பெட்ரோசியனை வெச்சு என்ன பண்றது? காயைக் காப்பாத்தி ஆடு, எதிராளி தப்புப் பண்ணுவான், ஜெயி. வாத்தியார் சொன்னதுல என்ன தப்பு?"

இது சாதாரண வாதம் இல்லை. உண்மை இருக்கிறது. சென்னையில் அகாடமிப் பையனுக்கு இந்த ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறு. ஒரு தோல்வி அவனுக்குப் பாடம். அந்தப் பெண்ணுக்கு ஒரு தோல்வி என்பது, அடுத்த போட்டிக்கு வரவே முடியாமல் போவது. இருப்பவனுக்குத் தியாகம் கலை, இல்லாதவனுக்கு ஆபத்து. குகேஷின் அப்பா காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்கு அலைவதற்காகத் தொழிலையே நிறுத்தி வைத்தார். அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் 18 வயது மகன் உலக சாம்பியன் ஆனபோது நாடே அந்தப் பெற்றோரின் தியாகத்தைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் டாக்டர் பட்டம் எங்கும் போகாது, திரும்பி வந்து கிளினிக்கைத் திறக்கலாம். தோட்டக் கூலிக்கு அந்த வசதி கிடையாது.

அதனால்தான் நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன், வாத்தியார் செய்தது தப்பு.

ஏன்? எதிராளி தப்புப் பண்ணுவான் என்று காத்திருக்கிற ஆட்டம் பத்து, பன்னிரண்டு வயது வரை கப் வாங்கித் தரும். அதற்கு மேலே எதிராளி சும்மா காயைத் தூக்கிக் கொடுக்க மாட்டான். அப்போது நிலைமையைப் படிக்கத் தெரிய வேண்டும். எதைக் கொடுத்து எதை வாங்கலாம் என்று தெரிய வேண்டும். பட்டணத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர நாலு கோச் இருப்பார்கள். போடிப் பிள்ளைக்குத் தானாகத் தோன்றியது. தானாகத் தோன்றியதைக் குட்டி அடக்கிவிட்டால், வேறு யார் வந்து சொல்லித் தரப்போகிறார்கள்? ஏழைப் பிள்ளைக்குக் காப்பாற்றும் ஆட்டம் போதும், துணிந்த ஆட்டம் மற்றவர்களுக்கு என்று நாமே பாகம் பிரித்துக் கொடுக்கிறோம். கூலி போகிற பிரச்னைக்கு வழி, போட்டிக் கட்டணத்தையும் பஸ் செலவையும் பெரியவர்கள் ஏற்பது. ஏலக்காய் விற்றுக் காசு பார்த்தவர்கள் அந்த ஊரில் இல்லாமலா இருக்கிறார்கள்? (நண்பா, உன்னைத்தான்.) அதை விட்டுவிட்டு, பிள்ளையின் மூளையில் சிக்கனம் பிடிப்பது என்ன நியாயம்?

இன்னொரு விஷயம். ஆட்டத்தை எழுதிய தாளை அந்தப் பெண்ணிடம் வாங்கி நான் நகல் எடுத்து வந்திருந்தேன். செஸ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். யானையைக் கொடுத்த இடத்தில் ஆட்டம் சமம் என்கிறது கம்ப்யூட்டர். தப்பு நடந்தது அதற்கு ஒன்பது நகர்த்தல் கழித்து. தாக்குதலைத் தொடராமல், ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு சிப்பாயை எடுக்க ராணியை அனுப்பிவிட்டாள். அதற்குள் எதிராளியின் ராஜா தப்பித்து உள்ளே போய்விட்டது.

ஏன் அனுப்பினாள்? இரண்டு புள்ளி நஷ்டம் மண்டைக்குள் குடைந்திருக்கும். ஒன்றையாவது ஈடுகட்டலாம் என்று தோன்றியிருக்கும். அதாவது, யானையைக் கொடுத்ததால் அவள் தோற்கவில்லை. கொடுத்த பிறகு எண்ண ஆரம்பித்ததால் தோற்றாள். எண்ணச் சொல்லிக் கொடுத்தது யார்?

தொலைப்பது வேறு, கொடுப்பது வேறு. கவனக்குறைவாக யானையைத் தொலைத்த பிள்ளையைக் கண்டியுங்கள், சரி. கொடுத்த பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன வாங்கினாய்? அது எவ்வளவு நேரம் உன் கையில் இருக்கும்? எதிராளி சும்மா இருக்க மாட்டானே, அவன் என்ன செய்வான்? பதில் இருந்தால் தட்டிக் கொடுங்கள், தோற்றிருந்தாலும். பதில் இல்லாவிட்டால் சொல்லிக் கொடுங்கள், ஜெயித்திருந்தாலும். அவள் காரணம் சொல்ல ஆரம்பித்தாள். வாயை மூடச் சொன்னார்கள். நான் பார்த்ததில் மிகப் பெரிய தப்பு நகர்த்தல் அன்றைக்கு மண்டபத்துக்கு வெளியேதான் நடந்தது.

இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, முன்னேற்றத்துக்குத் தியாகம் வேண்டும்' என்று கம்பெனி மீட்டிங்கில் ஆள்குறைப்புக்கு உதாரணம் காட்ட யாராவது கிளம்பினால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பலகையில் கொடுப்பது மரக்காய். தோற்றால் தோற்பவனும் கொடுத்தவனே. அடுத்தவன் வயிற்றில் கைவைத்துவிட்டுத் தியாகம் என்று சொல்லக் கூடாது. தமிழில் அதற்குத் தனி வார்த்தை இருக்கிறது. பலி.

கடைசியாக, அந்த அம்மாவுக்கு.

அம்மா, நீங்கள் அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகளோடு வந்தீர்கள். போனது எவ்வளவு என்று பைசா சுத்தமாக உங்களுக்குத் தெரியும். வரப்போவது என்ன, எப்போது என்று தெரியாது. தெரியாமலே கொடுத்தீர்கள், ஏனென்றால் பிள்ளையின் நிலைமை நல்ல இடத்தில் இருப்பதாக உங்களுக்குப் பட்டது. நீங்கள் வேலை பார்க்கிற தோட்டத்திலும் ஏலக்கன்று நட்டால் காய்க்க இரண்டு, மூன்று வருஷம் ஆகிறது. நட்ட மறுநாள் யாரும் போய்க் கன்றைத் திட்டுவதில்லை.

உங்கள் மகளும் பலகையில் அதைத்தான் செய்தாள். தப்பில்லை தாயி. அடுத்த தடவை கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.